ஃபோர்ட் கெனிங் பூங்காவில் பேய்க்கதை இரவு நடை: ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் நகர நடுவில் உள்ள ஃபோர்ட் கெனிங் பூங்காவில், வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் பேய்க்கதை இரவு நடை ஒன்றுக்குக் கட்டணம் செலுத்திச் சென்று வந்தேன். நடத்துபவர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்தக் குன்றில் இத்தகைய நடைக்குப் பணம் கொடுக்க எண்ணுவோர் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று சொல்வதுதான் என் நோக்கமே தவிர, ஒரு நிறுவனத்தைக் குறை கூறுவது அன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையும் ஏற்பாடும் நன்றாக இருந்தன; வழிகாட்டியின் குரலும் கதை சொல்லும் திறமும் மிக நன்று. ஆனால் அவர் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் யார், எப்போது, எங்கே கண்டது என்ற அடையாளமே இல்லாதவை. இந்தக் குன்றில் பதிவான பேய்க்கதைகளுள் மிகப் பழையதும் மிகச் சிறந்ததுமான ஒன்றையோ அவர் இரண்டே வாக்கியங்களில், அதுவும் தவறாகச் சொல்லிக் கடந்துவிட்டார்.

ஃபோர்ட் கெனிங் எம்ஆர்டி ரயில் நிலைய வாயிலில் ஒன்றுகூடி, குன்றின் மேல் உள்ள பழைய கோட்டை வாயில், கெராமத் எனப்படும் அடக்கத்தலம், பழைய கிறித்தவக் கல்லறைத் தோட்டம், நிலத்தடிப் போர் அறை ஆகியவற்றைச் சுற்றிவிட்டு, தோபி காட் பக்கம் இறங்குவதாக நடை அமைந்திருந்தது. ஏறக்குறைய 18 ஹெக்டேர் பரப்புள்ள இப்பூங்காவைக் குறுக்கே கடந்துவிடும் இந்த வழியை வகுத்தவருக்கு இடம் நன்கு தெரிந்திருக்கிறது. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கைவிளக்கும், சிலருக்கு மட்டும் மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறு கருவியும் கொடுத்தார்கள். கூட்டம் பெரிதாக இல்லாததால் பின்னால் நின்றவர்களுக்கும் வழிகாட்டியின் பேச்சு கேட்டது. படிக்கட்டுகளில் மூத்தவர்களுக்காக நின்று நின்று ஏறினார்கள். இவையெல்லாம் பாராட்டுக்குரியவை.

இனி அந்தப் பழைய கதைக்கு வருகிறேன். ஆங்கிலேயர் வருமுன் இந்தக் குன்றுக்கு புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என்று பெயர். 1819 பிப்ரவரியில் ஆங்கிலேயர் இங்கே குடியேறுவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதைச் செய்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் புறப்பட்டுச் சென்றபின், குடியேற்றத்தின் பொறுப்பு வில்லியம் ஃபர்குவாரிடம் இருந்தது. அவர் குன்றின்மேல் பீரங்கியை ஏற்றிக் கொடிமரம் நட விரும்பியபோது தீவின் மலாய்த் தலைவரான தெமெங்கோங்கின் ஆட்கள் மேலே ஏற மறுத்துவிட்டார்கள். மேலே ஆவிகள் பல உண்டு என்றும், நூற்றுக்கணக்கானோர் ஆரவாரிப்பது போன்ற ஒலியும் முரசொலியும் அங்கிருந்து கேட்பதாகவும் அவர்கள் சொன்னார்கள். ஃபர்குவார் சிரித்துவிட்டு, அந்த ஆவிகளைத் தாம் பார்க்க விரும்புவதாகச் சொல்லி, மலாக்காவிலிருந்து வந்திருந்த ஆட்களைக் கொண்டு பீரங்கியை இழுத்து ஏற்றினார். உச்சியில் பன்னிரண்டு முறை வெடி முழங்கியது.

இதை எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில், அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் தமிழும் கற்று, ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த மலாய் ஆசிரியர். 1849-ல் அச்சான அவருடைய தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சி விரிவாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு பேய்க்கதையிடம் நாம் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் இதில் விடை உண்டு: சொன்னவர்கள் யார், எந்த இடம், என்ன கேட்டது, ஏன் அஞ்சினார்கள், நம்பாதவர் என்ன செய்தார். தெமெங்கோங் ஃபர்குவாரிடம் கொடுத்த விளக்கத்தையும் அப்துல்லா விடவில்லை. முற்காலத்து அரசர்களின் அரண்மனை அந்தக் குன்றின்மேல் இருந்தது. அரசர் அழைத்தாலொழிய யாரும் ஏறக்கூடாது என்ற கட்டளை இருந்தது. குன்றின் பின்புறத்தில் அரச குடும்பத்தார் நீராடும் ஓடை ஒன்று இருந்தது, அதற்குப் பஞ்சூர் லாராங்கான் என்று பெயர் என்பது அந்த விளக்கம்.

நமது வழிகாட்டி இதைச் சொன்ன விதம் வேறு. "வெள்ளைக்காரர்கள் இந்த மலைமேல் ஏறப் பயந்தார்கள், ஓர் அரசரின் சாபம் இருந்தது" என்பதோடு முடித்துக்கொண்டார். அஞ்சியவர்கள் யார், அஞ்சாதவர் யார் என்பதே தலைகீழாகிவிட்டது. சாபம் என்ற சொல்லுக்கு அந்தப் பதிவில் இடமே இல்லை. அங்கே இருப்பது தடை. தடைக்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் மெய்யா பொய்யா என்று ஆராய்ந்தபோது வெளிப்பட்டவைதான் இந்தக் கதையை ஏனைய பேய்க்கதைகளிலிருந்து பிரித்து நிறுத்துகின்றன.

1822 பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஜான் கிராஃபர்ட் குன்றைச் சுற்றி நடந்து தாம் கண்டதை எழுதி வைத்தார். குன்றின் வடபுறச் சரிவெங்கும் கட்டடங்களின் அடித்தளங்கள் சிதறிக் கிடந்தன. சில நல்ல சுட்ட செங்கல்லால் ஆனவை. சமதளமான மேடைகளும், பானை ஓடுகளும், சீன நாணயங்களும் கிடைத்தன. யாரோ எப்போதோ வளர்த்த பழமரங்கள் கவனிப்பாரற்று நின்றன. நூறாண்டுக்குப் பிறகு, 1928-ல், குன்றின் உச்சியில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் பொன் நகைகளைக் கண்டெடுத்தார்கள். காலமுகம் எனப்படும் அரக்கமுகம் பொறித்த தோள்வளையும் காதணிகளும் அவற்றுள் அடங்கும். மஜபாகித் பேரரசுக் காலத்துக் கிழக்கு ஜாவா வேலைப்பாட்டை ஒத்த அவற்றை, குன்றின் அடிவாரத்திலேயே உள்ள தேசிய அரும்பொருளகத்தில் இன்று பார்க்கலாம். 1984-ல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தலைமையில் கெராமத்துக்கு அருகே நடந்த அகழாய்வில், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மண்ணடுக்கு குலையாமல் வெளிப்பட்டது. சீனப் பீங்கான், கண்ணாடி மணிகள், கைவினை வேலை நடந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. அகழ்ந்த குழியைக் கூரை போட்டு மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் கடைசி அரசர் இந்தத் தீவைவிட்டு மலாக்காவுக்குச் சென்றது பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில். தெமெங்கோங்கின் ஆட்கள் மலையேற மறுத்தது 1819-ல். இடையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அரண்மனை மண்ணாகி, அதன்மேல் காடு வளர்ந்து, ஊரே மிகச் சிறியதாகச் சுருங்கிய பிறகும், "அங்கே அரசர்கள் இருந்தார்கள், ஏறாதே" என்ற செய்தி வாய்வழியாகப் பிழைத்து வந்திருக்கிறது. முரசொலியை அவர்கள் உண்மையிலேயே கேட்டார்களா என்பதை இனி யாராலும் நிறுவ முடியாது. ஆனால் அந்த அச்சத்துக்குள் அவர்கள் சுமந்துவந்த செய்தி சரியானது என்பதை மண்ணே சொல்லிவிட்டது. பேய்க்கதை என்றால் ஆதாரம் கேட்கக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுவேன். ஆதாரம் கேட்டதனால் கதை சுருங்கவில்லை, முன்னிலும் ஆழமாயிற்று. இவ்வளவும் காலடியில் இருக்க, அகழாய்வுக் குழியைக் கைவிளக்கால் ஒருமுறை சுட்டிக்காட்டிவிட்டு வழிகாட்டி நகர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

குழிக்குப் பக்கத்திலேயே கெராமத் இஸ்கந்தர் ஷா இருக்கிறது. கடைசி அரசரின் அடக்கம் என்று மரபு சொல்கிறது. அவர் மலாக்காவில் ஆட்சி நிறுவி அங்கேயே மறைந்திருக்க வேண்டும் என்பதால் வரலாற்றாசிரியர்களில் பலர் இதை ஏற்பதில்லை. எவருடைய அடக்கம் என்பது தீராத கேள்வியாக இருந்தாலும், வழிபாடு பழையது என்பதில் ஐயமில்லை. கிராஃபர்ட் 1822-லேயே, முஸ்லிம்கள், இந்துக்கள், சீனர்கள் ஆகிய மூவரும் இங்கே வந்து வணங்குவதைக் குறித்திருக்கிறார். இன்றும் வருகிறார்கள். நாங்கள் போனபோதும் மரத்தூண்கள் தாங்கிய அந்தக் கூரையின்கீழ் முதியவர் ஒருவர் கைகளை ஏந்தி நின்றிருந்தார். எங்கள் குழு கைவிளக்குகளை அணைக்காமல், பேச்சைக் குறைக்காமல் நெருங்கியது; அளவிக் கருவியை வைத்திருந்த ஒருவர் அதைச் சமாதியின் துணிப்போர்வைக்கு மேலே நீட்டினார். முதியவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "தங்கச்சி, கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் சொன்ன பிறகுதான் வழிகாட்டி குழுவைப் பின்னுக்கு நகர்த்தினார்.

இதைச் சிறு குறை என்று நான் கருதவில்லை. தாங்கள் கூட்டிச் செல்லும் இடங்களில் எது மக்கள் இன்றும் வழிபடும் இடம், எது நினைவுச் சின்னம் மட்டும் என்று முதலிலேயே சொல்லி, விளக்கை அணைக்கச் செய்து, தள்ளி நிற்க வைப்பது வழிகாட்டியின் கடமை. இந்த நடைக்குப் பதிவு செய்வோர், கெராமத்தில் என்ன நடைமுறை என்று முன்கூட்டியே கேளுங்கள். "அங்கே கருவி கிடையாது, வெளியில் நின்று கதை மட்டும்" என்று பதில் வந்தால் அது நல்ல ஏற்பாடு.

அடுத்தது கல்லறைத் தோட்டம். இரவு நடையில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் உறுத்தியதும் இதுவே. ஃபோர்ட் கெனிங் புல்வெளி இன்று திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளுக்குப் பெயர்பெற்ற இடம். 1865 வரை அது கிறித்தவர்களின் கல்லறைத் தோட்டமாக இருந்தது. ஏறக்குறைய அறுநூறு பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறித்தவர்கள். இடம் நிறைந்துவிட்டதால் தோட்டம் மூடப்பட்டது. பிற்காலத்தில் கல்லறைகளை அகற்றி, கல்வெட்டுப் பலகைகளைச் சுற்றுச்சுவரில் வரிசையாகப் பதித்துவிட்டார்கள். புல்வெளியின் இரு முனைகளிலும் நிற்கும் கோத்திக் பாணி வாயில்களை 1846-ல் அமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்ல்ஸ் எட்வர்ட் ஃபேபர். ஃபேபர் மலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்தச் சுவரோரமாகக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். பகலில் நேர் வெயிலில் தேய்ந்து தெரியும் எழுத்துகள், பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் நிழல் கட்டித் துலக்கமாக எழுந்து நிற்கின்றன. பெயர், ஊர், கப்பலின் பெயர், வயது என்று ஒவ்வொன்றாகப் படிக்க முடிகிறது. வயது என்ற இடத்தில் ஆண்டுகளுக்குப் பதில் மாதங்கள் வருவதைப் பார்த்ததும் நெஞ்சு கனத்துவிடும். குழந்தைகள், இளம் மனைவியர், கப்பலில் வந்த மாலுமிகள் என்று தொடர்கிறது வரிசை. சில கற்களில் சீன எழுத்து. நகரின் தொடக்ககாலக் கட்டடங்கள் பலவற்றை வடிவமைத்த ஜார்ஜ் கோல்மன் 1844-ல் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். அவருடைய மனைவி பிறகு வழக்கறிஞர் வில்லியம் நேப்பியரை மணந்தார். அவர்களின் கைக்குழந்தை ஜேம்ஸ் புரூக் நேப்பியர் 1848-ல் கடற்பயணத்தின்போது இறந்தது. புல்வெளியில் நிற்கும் நினைவுச்சின்னங்களுள் மிகப் பெரியது அந்தக் குழந்தைக்கு எழுப்பியது.

இப்படிப் பெயரும் தேதியும் உள்ள துயரங்கள் சுவர் முழுவதும் பதிந்திருக்க, வழிகாட்டி சொன்னதோ பெயரற்ற "வெள்ளை உடை அணிந்த பெண்". புல்வெளியின் நடுவே அவள் நிற்பாள், நிகழ்ச்சி நடத்துவோர் பார்த்திருக்கிறார்கள் என்றார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகன் என்னுடன் வந்திருந்தான். "யார் பார்த்தாங்க அண்ணே? எந்த நிகழ்ச்சியில?" என்று பணிவாகவே கேட்டான். "நிறையப் பேர் பார்த்திருக்காங்க தம்பி" என்பதற்குமேல் பதில் இல்லை. புல்வெளியில் நிற்கும் இரண்டு குவிமாட மண்டபங்களையும் கல்லறை மாடங்கள் என்று அவர் சொன்னார். அவை கல்லறைகள் அல்ல. கோல்மன் வடிவமைத்ததாகக் கருதப்படும், அமர்ந்து இளைப்பாறுவதற்கான மண்டபங்கள். அங்குள்ள கற்களில் சில இந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவையே அல்ல, புக்கிட் தீமா சாலையிலிருந்த பிற்காலக் கல்லறைத் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதும் அவர் பேச்சில் வரவில்லை. இந்தக் கல்லுக்குக் கீழேதான் அவர் படுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு கல்லையும் காட்டிச் சொல்வது எவ்வளவு பிழை என்பதை இதனால் உணரலாம்.

மின்காந்த அளவிக் கருவியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பச்சையிலிருந்து சிவப்புவரை ஐந்து விளக்குகள் கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. சுவரின் ஒரு மூலையில் சிவப்பு எரிந்ததும் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அங்கே சற்று நின்று கவனித்தேன்: நடைபாதை விளக்கு ஒன்றின் அடிப்பகுதி இரண்டடி தள்ளி இருந்தது. கைபேசியை அருகில் கொண்டுபோனாலும் அதே சிவப்பு. இத்தகைய கருவிகள் மின்கம்பிகளையும் கைபேசிகளையும் சுற்றி எழும் புலத்தை உணரும்படி செய்யப்பட்டவை. நிலத்துக்கடியில் விளக்குகளுக்கான கம்பிகள் ஓடும் பூங்காவில் அவை எரியாவிட்டால்தான் வியப்பு. படங்களில் தோன்றும் ஒளிவட்டங்களும் அத்தகையவையே. ஈரக்காற்றில் மிதக்கும் நுண்துளிகளும் தூசியும் கேமரா வில்லைக்கு மிக அருகில் இருக்கும்போது ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மழை விட்ட இரவில் அவை கூடுதலாகவே தெரியும். வழிகாட்டி இவற்றைச் சொல்லியிருந்தால் யாருடைய மகிழ்ச்சியும் கெட்டிருக்காது. கட்டணத்தில் இந்தக் கருவிக்கான பங்கு எவ்வளவோ, அதைக் கழித்துவிட்டு நடையைக் கொடுத்தால் நான் மகிழ்வேன்.

ஒலிகளுக்கும் இதே நிலைதான். கல்லறைச் சுவருக்கு அப்பால் மரங்களிலிருந்து, யாரோ மரக்கட்டையைச் சீராகத் தட்டுவதுபோல் டொக், டொக் என்ற ஓசை கேட்டது. எங்களில் சிலர் உண்மையாகவே வெலவெலத்துப் போனார்கள். அது பக்கிப் பறவை. சிங்கப்பூரில் அதன் குரலைக் கொண்டே டொக்டொக் பறவை என்று அழைப்பவர்கள் உண்டு. தரையோடு தரையாக அமர்ந்து, இரவில் பூச்சி பிடிக்கும் பறவை. நகரச் சந்தடிக்கு நடுவே அது குரல் எழுப்புவதைக் கேட்பதே ஒரு பேறு. திடீரென்று பாண்டான் இலை மணம் வீசினால், பழம் தின்னும் மரநாய் கடந்திருக்கலாம். அதன் உடல்மணம் பாண்டான் இலையை ஒத்தது. ஈழத்தலரிப் பூவின் மணம் வந்தால் பொந்தியானாக் என்னும் பெண்பேய் வருகிறாள் என்பது மலாய் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அதற்குரிய மரியாதையோடு சொல்லலாம், பக்கத்தில் ஈழத்தலரி மரம் நிற்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வழிகாட்டி முதலாவதை மட்டுமே செய்தார்.

நிலத்தடிப் போர் அறைக்கு இரவு நடையில் வாயில்வரைதான் அழைத்துச் செல்கிறார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழத்தில், குண்டுவீச்சையும் நச்சுவாயுவையும் தாங்கும்படி கட்டப்பட்ட மலாயாத் தலைமைத் தளபதியகம் அது. 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிட்டிஷ் படைகளின் தலைவர் லெஃப்டினென்ட் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளைக் கூட்டினார். குடிநீர் தீர்ந்துகொண்டிருந்தது, எரிபொருளும் குண்டுகளும் குறைந்துவிட்டன. எதிர்த்துத் தாக்குவதா, சரணடைவதா என்ற கேள்விக்கு அந்த அறைக்குள் விடை முடிவானது. மாலையில் ஃபோர்டு (Ford) கார்த் தொழிற்சாலையில் சரணடைவு கையெழுத்தானது. அந்த முடிவுக்குப் பின் வந்த மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆட்சியும், சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழர்களும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஆறாத நினைவு. அப்படிப்பட்ட கதவின் முன் நின்றுகொண்டு, உள்ளே பூட்ஸ் காலடி கேட்கும் என்று மட்டும் சொல்வது போதாது. போர் அறையைப் பகலில் தனியே சென்று, நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

கோட்டை வாயிலில் கதை எதுவும் இல்லை. இருந்தாலும் நின்று பார்க்கத் தகுந்தது. இந்தியத் தலைமை ஆளுநர் கெனிங் பிரபுவின் பெயரில் 1859-ல் தொடங்கிய கோட்டையில், 1907-ல் இடித்தது போக எஞ்சியவற்றுள் முதன்மையானது இதுதான். கோட்டைக்காக உச்சியைச் சமன்படுத்தியபோது பழைய அரச நகரத்தின் எச்சங்கள் எவ்வளவு அழிந்தனவோ என்ற எண்ணம் அங்கே நிற்கும்போது எழாமல் இருப்பதில்லை. அதே 1859-ல்தான் குன்றின் மறுபக்க அடிவாரத்தில், டேங்க் ரோட்டில், நகரத்தார் ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தினார்கள். ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசக் காவடிகள் இந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டுதான் அந்தக் கோயிலை அடைகின்றன. நமக்கு மிகவும் பழக்கமான குன்று இது. அதனால்தான் அதன் கதைகள் அலட்சியமாகச் சொல்லப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக, சுழல்படிக்கட்டும் மேலே வட்டமாகத் தெரியும் வானமுமாக இணையத்தில் பெயர்பெற்ற மரச் சுரங்கப்பாதைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு பேய்க்கதை சொல்லப்பட்டது. படம் எடுக்க இரவிலும் வரிசை நின்றது. அவ்வளவுதான்.

ஆக, இந்த நடை யாருக்கு ஏற்றது? குன்றுக்கு முன்பு வந்திராதவர்கள், இரவில் தனியே ஏறத் தயங்குபவர்கள், நண்பர்களோடு சற்று அஞ்சி மகிழ விரும்புபவர்கள் தாராளமாகச் செல்லலாம். பாதுகாப்பான, ஒழுங்கான ஏற்பாடு. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். கதைகளைவிட நடையின் நீளமும் படிகளும் அவர்களுக்குக் கடினம். கல்லறைச் சுவரில் உள்ள குழந்தைகளின் பெயர்களை விளக்கிச் சொல்வதும் எளிதன்று. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் பதிவு செய்யுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அகழாய்வுக் குழியில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், சொல்லும் கதைகள் எந்தப் பதிவிலிருந்து எடுத்தவை? இரண்டுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொண்டு, மாலையில் தேசிய அரும்பொருளகம் மூடுவதற்குமுன் பொன் நகைகளைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அகழாய்வுக் குழியையும் கெராமத்தையும் கண்டு, இருட்டியபின் கைவிளக்கோடு கல்லறைச் சுவருக்கு வாருங்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நடைபாதைகளில் விளக்குகள் உண்டு.

நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோளை எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்துல்லாவின் பதிவை நடையின் தொடக்கத்தில், குன்றில் ஏறத் தொடங்குமுன், முழுமையாகச் சொல்லுங்கள். அதன்பின் கிராஃபர்ட், பொன் நகைகள், அகழாய்வு என்று ஏற ஏற அடுத்தடுத்துச் சேருங்கள். அளவிக் கருவிகளை விட்டுவிட்டுச் சுவர்க் கல்வெட்டுகளின் படியை ஆளுக்கொரு தாளில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வழிகாட்டியிடம் குரல் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கேட்பவர்களைக் கட்டி நிறுத்தும் ஆற்றல் இருக்கிறது. இதைச் செய்ய அவருக்கு ஒரு வாரப் படிப்பு போதும்.

செல்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி அணியுங்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியுள்ள செங்கல் பாதை மழைக்குப் பின் வழுக்கும். கொசுவிரட்டி கட்டாயம். இசை நிகழ்ச்சி நடக்கும் இரவுகளில் புல்வெளியை அடைத்துவிடுவார்கள், சுவரை நெருங்க முடியாது. நாளைத் தேர்ந்தெடுக்குமுன் பூங்காவின் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் தோபி காட் பக்கத்துப் படிகளில் ஏற வேண்டாம். ஃபோர்ட் கெனிங் நிலையத்தில் இறங்கி, மேலே மின்படிக்கட்டுகள் இருக்கும் வழியைக் கேட்டு ஏறுவது எளிது.